குளத்து மண்ணில் பழகிய கை

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பத்து. மூன்றாவது பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. ஞானதாஸ் பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தார். பலகையில் லென்சு சூத்திரம் பாதி எழுதியிருந்தது. சட்டைப் பையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. மூன்றாம் முறை அதிர்ந்தபோது சாக்பீசை மேசையில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். தப்ரேஸ். நத்தம் சாலையில் அழகுராஜாவின் லேத் பட்டறைக்கு அடுத்த கடையில் டயருக்குப் பஞ்சர் பார்ப்பவர்.

"சார், அழகு போயிட்டாப்ல சார்."

"எங்க போயிட்டாரு? இன்னைக்கு வேலை நாளாச்சே."

"அய்யோ, அப்படி இல்ல சார். செத்துட்டாப்ல. லேத்து பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு, என்னடா சத்தம் ஒரே மாதிரி வருதேன்னு எட்டிப் பாத்தா, கீழ கெடக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வரும்போதே முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க."

ஞானதாஸ் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். அழகுராஜாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அவரைவிட நான்கு வயது இளையவர். நான்கரை ஆண்டுகளாக அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் வற்றிய குளம் ஒன்றில் ஒன்றாகக் கோல்ஃப் ஆடியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணத்தில் முதலில் வந்தது துக்கம் அல்ல. தோளில் வெகுநாளாய்க் கிடந்த மூட்டை ஒன்றை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. இனி அந்தக் குளத்தில் நன்றாக அடிப்பவன் நான்தான் என்று ஒரு எண்ணம் தெளிவாக, சொற்களோடு வந்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகுதான் உடம்பு வியர்த்தது.

வகுப்புக்குத் திரும்பிச் சூத்திரத்தை எழுதி முடித்தார். "சார், அங்க மைனஸ் வரணும்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. அழித்துவிட்டு மறுபடியும் பிளஸ்தான் போட்டார். மணி அடித்துவிட்டது.

கோல்ஃப் திண்டுக்கல்லின் ஆட்டம் அல்ல. ஊரில் அதை ஆடியவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் இயற்பியல் ஆசிரியர், மற்றவர் லேத் பட்டறைக்காரர் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஊரடங்கு ஆண்டில் பள்ளி மூடிக் கிடந்தபோது ஞானதாஸ் வீட்டில் உட்கார்ந்து காணொளிகள் பார்த்தார். ஒரு பந்து எப்படிக் கிளம்புகிறது, எப்படிச் சுழல்கிறது, ஏன் வளைகிறது என்பதெல்லாம் அவர் பாடத்துக்குள் வருகிற விஷயங்கள். கொடைக்கானலில் வீட்டைக் காலிசெய்த ஒருவர் ஐந்து மட்டைகளையும் ஒரு கிழிந்த பையையும் விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். பேருந்து ஓடத் தொடங்கிய வாரமே போய் வாங்கி வந்துவிட்டார்.

"அந்தோணியார் கையில குழந்தை இருக்கிற மாதிரி தூக்கிட்டு வாராரு பாரு" என்றாள் மனைவி ரூபி.

அடிப்பதற்கு இடம் குளம்தான். வத்தலக்குண்டு சாலையில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் அந்தக் குளத்தில் ஆண்டில் பத்து மாதம் தண்ணீர் கிடையாது. நடுவில் சீமைக்கருவேல் இல்லாமல் முந்நூறு கெஜத்துக்கு வெடித்த களிமண் தரை. எதிர்க்கரையில் ஒரு பழைய மடை. அந்த மடையைக் குறியாக வைத்து அடிக்க வேண்டும். ஞானதாஸ் ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டார். நீள மட்டைக்குப் பந்து இடது குதிகாலுக்கு நேரே, ஏழாம் எண் இரும்பு மட்டைக்கு நடுவே, குட்டை மட்டைக்குச் சற்று வலப்புறம் என்று படம் போட்டு, கோணம் குறித்து வைத்தார். படமெல்லாம் சரி. பந்து மட்டும் கிளம்பிய நேரத்திலிருந்து வலப்பக்கமாக வளைந்து கருவேலத்துக்குள் போய் விழுந்தது.

நான்காவது மாதத்தில் ஏழாம் எண் மட்டையின் தலை தண்டிலிருந்து கழன்று பந்துக்கு முன்னால் பறந்தது. அதை ஒட்டவைக்கப் போன இடத்தில்தான் அழகுராஜா வந்து சேர்ந்தார்.

அழகுராஜா பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டில் விட்டவர். ஒன்பது வருடம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு பழைய லேத்தைப் போட்டு உட்கார்ந்தார். சுற்றியுள்ள ஆலைகளின் நூல் சுற்றும் கதிர்களும் கிணற்று மோட்டார்களின் தண்டுகளும் அவரிடம் வரும். சின்னாளப்பட்டியில் நெசவுக் குடும்பத்தில் பெண் எடுத்தவர். மனைவி ஸ்ரீமதி. ஒரே மகள் காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சூடான இரும்புச் சுருள் பட்டு முழங்கை வரை சிறு தழும்புகள். வேலை செய்யும்போது உதட்டை மூடிக்கொண்டு ஒரே சுரத்தில் முனகுவார். அது பாட்டா, லேத்தோடு சேர்ந்து வருகிற சத்தமா என்று யாருக்கும் தெரியாது.

அன்று மட்டைத் தண்டை லேத்தில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டார்.

"அரை நூல் ஆட்டம் இருக்கு சார். எதுக்கு இது? களை எடுக்கவா?"

ஞானதாஸ் சொன்னார். அழகுராஜா கேட்டுக்கொண்டே தண்டின் ஆட்டத்தை எடுத்து, தலையை ஒட்டி, நிமிர்த்திக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம நானும் வாரேன் சார். நான் சரி பண்ணுனது சரியா இருக்கான்னு பாக்கணும்ல."

வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் நின்றார். லேத்தின் முன் நிற்பதைப் போலத்தான் நின்றார். தலை அசையவில்லை. உடம்பு மட்டும் தலையைச் சுற்றித் திரும்பி மறுபடி திரும்பி வந்தது. ஒரே ஒரு சத்தம், கணீரென்று. பந்து மேலே போய், மேலேயே கொஞ்சம் நின்று, மடைக்கு நேரே இறங்கியது.

"சத்தம் நல்லா இருக்குல்ல சார்?" என்றார் அழகுராஜா.

ஞானதாஸ் "காத்து உங்க பக்கம்" என்றார். அன்று இலைகூட அசையவில்லை.

அன்றைக்கு அவரை ஒன்று பிடித்துக்கொண்டது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவருக்கு ஒரு வருடம் ஆனது. முதலில் ஆச்சரியம் என்றுதான் நினைத்துக்கொண்டார். பிறகு அநியாயம் என்று. ஆட்டத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது யார்? மட்டை யாருடையது? வேகம், விசை, கோணம் எல்லாம் தெரிந்தவர் யார்? இந்த ஆள் கோணமானியைத் தொட்டு இருபது வருடம் இருக்கும். ஆனால் குளத்தில் ஆடு மேய்ப்பவர்கள்கூட அழகுராஜா மட்டையை எடுத்தால்தான் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதாஸ் எடுத்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ரூபி சிரிப்பாள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அழகுராஜா அண்ணே இன்னைக்கு நல்லா அடிச்சிருக்காரு."

"வெயிலு. தலைவலி."

"அவரு நல்லா அடிச்சா உங்களுக்குத் தலைவலி. அவரு லீவு போட்டா உங்களுக்குப் பசி. நான் பாக்காததா?"

அழகுராஜாவிடம் இன்னொன்று இருந்தது. ஞானதாசுக்கு அதுதான் தாங்கவில்லை. அழகுராஜாவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டால் அடுத்த நிமிடம் அதைச் சொல்லிவிடுவார். வைத்துக்கொள்ளத் தெரியாது. மட்டைகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். நீளமான டிரைவர் நெட்டையன். ஏழாம் எண் இரும்பு, ஏழு. குழிக்குப் பக்கத்தில் வந்தபின் பந்தைத் தூக்கிப் போடுகிற வெட்ஜ், குட்டையன்.

"சார், மூணையும் ஒரே மாதிரி அடிக்காதீங்க. நெட்டையன வாசல் பெருக்குற மாதிரி வீசணும், அது மேல போற நேரத்துல பந்து படணும். ஏழு அப்படி இல்ல. ஆணி அடிக்கிற மாதிரி எறங்கணும், பந்துல பட்ட பெறகுதான் மண்ணுல படணும். நீங்க ரெண்டையும் பெருக்குறீங்க."

"அது எனக்குத் தெரியும் அழகு. நோட்டுல எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க சார். கைக்கு யாரு சொல்றது?"

தப்ரேஸ் எப்போதாவது பந்து பொறுக்கிக் கொடுக்க வருவார். அவர் குபீரென்று சிரித்துவிட்டு, ஆசிரியர் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

குட்டையன்தான் கடினம். அந்த மட்டையின் அடிப்புறம் தோணிபோல் புடைத்திருக்கும். குளத்துக் களிமண் காய்ந்தால் சிமென்ட் தரை. புடைப்பு தரையில் பட்டால் மட்டை எகிறும், விளிம்பு பந்தின் இடுப்பில் படும், பந்து தரையோடு தரையாக ஓடிக் கரையில் முட்டும். ஞானதாசுக்கு அப்படித்தான் போனது. அழகுராஜா இரண்டு வாரம் முனகிக்கொண்டே வெவ்வேறு விதமாக அடித்துப் பார்த்தார். மூன்றாம் வாரம் வழி கண்டுபிடித்தார். பந்தை வலது காலுக்கு நேரே வைத்து, இரண்டு கையையும் பந்துக்கு வெகு முன்னால் கொண்டுபோய், மட்டையின் கூரிய விளிம்பால் பந்தைத் தரையிலிருந்து கிள்ளி எடுப்பது. புடைப்பு தரையைத் தொடவே தொடாது. வெடித்த மண்ணில் அதைவிட நல்ல வழி கிடையாது. பந்து பொத்தென்று எழும்பி, அவர் தரையில் விரித்த துண்டின் மேல் விழுந்தது. பத்துக்கு எட்டு.

அதையும் உடனே ஞானதாசுக்குச் சொல்லிக் கொடுத்தார். கையைப் பிடித்து முன்னால் தள்ளிக் காட்டினார். ஞானதாசின் கை ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் பின்தங்கியது.

சென்ற கார்த்திகையில் சிறுமலை அடிவாரத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அழகுராஜா கதிர் பழுது பார்த்துக் கொடுக்கிற ஓர் ஆலையின் முதலாளி, தன் தென்னந்தோப்புக்குள் ஆறு குழிகளோடு சின்ன மைதானம் ஒன்றை அமைத்திருந்தார். இரண்டு ஆழ்துளைக் கிணறு, நாள் முழுக்கத் தெளிப்பான், வெளியூரிலிருந்து கொண்டுவந்து பதித்த புல். பொங்கலுக்கு மறுவாரம் நண்பர்களுக்குள் ஒரு போட்டி; ஆறு குழியிலும் குறைந்த அடிகளில் பந்தைப் போடுபவருக்குப் பரிசு. லேத்துக்காரர் கோல்ஃப் ஆடுவாராம் என்று கேள்விப்பட்டு வேடிக்கையாகவோ ஆசையாகவோ கூப்பிட்டிருந்தார்.

"எங்க சாரும் வருவாருன்னு சொல்லிட்டேன்" என்றார் அழகுராஜா. "ரெண்டு பேருன்னா வாரோம், இல்லேன்னா வேணாம்னுட்டேன்."

அழைப்பும் அழகுராஜா வழியாகத்தான் வர வேண்டுமா என்று ஞானதாஸ் அன்று இரவு வெகுநேரம் புரண்டார்.

அவர் வேலை பார்த்த பள்ளியில் குகைபோல் கட்டிய மாதா கெபிக்கு முன்னால் அரைச் சென்ட் அளவுக்கு ஒரு புல்தரை உண்டு. தோட்டக்காரர் காலையும் மாலையும் தண்ணீர் விட்டு அதை மெத்தைபோல் வைத்திருந்தார். மார்கழி தொடக்கத்தில் ஒரு மாலை, பள்ளி விட்டு எல்லோரும் போனபின், ஞானதாஸ் குட்டையனை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். அழகுராஜா சொன்னபடி கையை முன்னால் தள்ளி ஒரு வீச்சு. அதுவரை வராத அடி, அன்று பார்த்துச் சரியாக வந்தது. மட்டை மண்வெட்டியைப்போல் தரைக்குள் இறங்கி நின்றுவிட்டது. கையளவு புல் பெயர்ந்து மாதாவின் காலடியில் போய் விழுந்தது. பந்து இரண்டடி தள்ளி உருண்டது.

மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் அப்படியே. நான்காம் முறை கையைப் பந்துக்கு நேரே வைத்து, புடைப்பு புல்லில் வழுக்கிப் போகும்படி அடித்தார். பந்து எழும்பியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. புடைப்பு எதற்காக இருக்கிறது என்று புரிந்தது. காய்ந்த குளத்தில் நான்கு வருடம் பழகியவனின் கை ஈரத் தரையில் தன் குழியைத் தானே வெட்டிக்கொள்ளும் என்று புரிந்தது. அழகுராஜாவின் கை வாராவாரம் குளத்தில் அதையேதான் பழகிக்கொண்டிருக்கிறது என்பதும் புரிந்தது. பெயர்ந்த புல்லை எடுத்துப் பொருத்திச் செருப்புக் காலால் அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மாலையில் மட்டும் கெபிக்கு முன்னால் வந்து நின்று பழகினார். பள்ளியில் யாராவது கேட்டால், கிறிஸ்துமஸ் குடில் வேலை என்றார்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது அழகுராஜா போன் செய்தார். பின்னால் லேத் சத்தம்.

"சார், ஒரு சந்தேகம். புல்லுல அடிக்கிறதுக்கும் நம்ம மண்ணுல அடிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குமா? குட்டையனுக்குச் சொல்றேன்."

ஞானதாஸ் நின்ற இடத்திலிருந்து கெபியின் விளக்கு தெரிந்தது. மட்டை கையில்தான் இருந்தது.

"ஒரே அடிதான் அழகு. கடைசி நேரத்துல மாத்தினா இருக்கிறதும் போயிரும்."

"அப்பச் சரி சார். நீங்க சொன்னா சரிதான்."

போட்டி நாளில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் காலணி, தொப்பி, கையுறையோடு. அழகுராஜா மகளின் கல்லூரி விழாவுக்கு எடுத்த புதுச்சட்டையும் கால்சட்டையும் போட்டிருந்தார். காலணியைக் கழற்றிவிட்டு அடிக்கலாமா என்று கேட்டார். சிரித்தார்கள். முதல் குழிக்கு அவர் நெட்டையனை வீசியதும் சிரிப்பு நின்றது. பந்து இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே, கயிறு பிடித்ததுபோல் போய், எல்லோருடைய பந்தையும் தாண்டி நின்றது. ஏழாம் எண்ணை எடுத்து அடித்தார். குழிக்கு இருபதடியில் விழுந்தது. முதலாளி கைதட்டினார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர், "எங்கங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்க, "நம்ம சார்தாங்க சொல்லிக் குடுத்தாரு" என்று ஞானதாசைக் காட்டினார் அழகுராஜா.

ஞானதாஸ் குனிந்து தன் பந்தைத் துடைத்தார். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் குழியில் அழகுராஜாவின் பந்து, குழியைச் சுற்றிக் கத்தரித்த புல்லின் விளிம்புக்கு வெளியே நின்றது. குட்டையனை எடுத்தார். பந்தை வலது காலுக்கு நேரே வைத்து, கையை முன்னால் கொண்டுபோய்க் கிள்ளினார். மட்டை தரைக்குள் போனது. தட்டளவு புல் பறந்தது. பந்து அங்கேயே கிடந்தது. மறுபடி. மறுபடி. நான்காவது அடியில்தான் பந்து நகர்ந்தது.

"கெணறு வெட்டவா கூப்டோம்? போர் ஏற்கெனவே ரெண்டு இருக்குப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அழகுராஜாவும் சிரித்தார். குனிந்து, பெயர்ந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் தட்டிவிட்டார்.

மீதி நான்கு குழிகளிலும் அதே கதை. நீளத்தில் யாரும் அவரை நெருங்க முடியவில்லை. குழிக்குப் பக்கத்தில் வந்தால் யாரும் அவரைவிட மோசமாக ஆட முடியவில்லை. ஞானதாஸ் சுமாராக வீசி, சுமாராக அடித்து, குட்டையனை மட்டும் ஒவ்வொரு முறையும் அழகாக எடுத்துப் போட்டார். அவருக்கு இரண்டாம் பரிசு, ஒரு சுவர்க்கடிகாரம். அழகுராஜா கடைசிக்கு முந்திய இடம்.

திரும்பும்போது அழகுராஜாதான் வண்டி ஓட்டினார். ஞானதாஸ் பின்னால் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நத்தம் சாலை ஏறும்வரை அழகுராஜாவின் வழக்கமான முனகல்கூட வரவில்லை.

"ஏன் சார், எனக்கு மட்டும் பூமிக்குள்ள போகுது?"

கேட்டது மனத்தாங்கலோடு அல்ல. தண்டு ஏன் ஆடுகிறது என்று கேட்பாரே, அதே குரல்.

"புது எடம்ல. பழகினா வந்துரும்" என்றார் ஞானதாஸ்.

"உங்களுக்கும் புது எடந்தானே சார்."

ஞானதாஸ் கடிகாரத்தை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். காற்றில் கேட்கவில்லை என்று அழகுராஜா நினைத்திருக்க வேண்டும். மறுபடி கேட்கவில்லை.

வீட்டில் கடிகாரத்தை ரூபி கூடத்தில் மாட்டினாள். "அண்ணனுக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் கவனித்தாள். அன்று கேலி செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு அழகுராஜா குளத்துக்கு வரவில்லை. பட்டறையில் வேலை என்றார். அடுத்ததும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். குட்டையனை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். மனசு விட்டுப் போய்விட்டது, மட்டையைக் கொடுக்கக்கூட இந்தப் பக்கம் வர வெட்கப்படுகிறார் என்று ஞானதாஸ் முடிவு செய்தார். தனியாகப் போய் நெட்டையனை வீசினார். மடையை நோக்கி நான்கு பந்து நேராகப் போனது. அவ்வளவு நாள் வராதது. திரும்பிப் பார்த்தார். ஆடுகள்தான் நின்றன. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மூன்றாம் ஞாயிறு கழித்து வந்த வியாழக்கிழமைதான், காலை பதினொன்று பத்துக்கு, தப்ரேஸ் போன் செய்தார்.

ஞானதாஸ் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு போனார். தெருவே அடைத்துக் கூட்டம். ஆலைகளின் ஃபிட்டர்கள், மோட்டார் ரிப்பேர்காரர்கள், சின்னாளப்பட்டியிலிருந்து வேனில் வந்த பெண் வீட்டார். தோப்பு முதலாளி காரை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். ஒரு லேத்துக்காரனுக்கு இம்புட்டுக் கூட்டமா என்று யாரோ வியந்தார்கள். நான் செத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று ஞானதாஸ் எண்ணத் தொடங்கி, எண்ணுவதை உணர்ந்து, மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஐஸ் பெட்டிக்குள் அழகுராஜா நேராகப் படுத்திருந்தார். ஸ்ரீமதி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க கூட்டாளியப் பாருங்கண்ணே. ஞாயித்துக்கெழம சார்கிட்டப் போகணும், போகணும்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே..."

சொல்லிவிட வேண்டும் என்று ஞானதாசுக்கு ஒரு வேகம் எழுந்தது. ஸ்ரீமதியிடமாவது, பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தாவது. ஒரே அடிதான் என்று நான் சொன்னது பொய். எனக்குத் தெரியும். உன் கை என் கையைவிட நல்ல கை. ஆனால் சுற்றிலும் ஆட்கள். மகள் காந்திகிராமத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கினாள், எழுந்த ஓலத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று.

தப்ரேஸ் அவர் தோளைத் தொட்டார். "சார், பெரியவங்க நிக்கிறாங்க. பட்டறையில ரெண்டு பெஞ்சு கெடக்கு, ஒரு கை புடிக்கிறீங்களா?"

பட்டறை இரண்டு தெரு தள்ளி. லேத்தில் மாட்டியிருந்த தண்டு பாதி கடைந்தபடி அப்படியே இருந்தது. பெஞ்சு பின்பக்கம் கிடக்கிறது என்று தப்ரேஸ் கதவைத் திறந்தார். இரும்புக் கழிவு கொட்டுகிற அந்தப் பின்னிடத்தை ஞானதாஸ் முன்பு பார்த்திருக்கிறார். இப்போது கழிவு எல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தது. நடுவில் கட்டம் கட்டிச் செம்மண் பரப்பி, பாதி இடத்துக்குப் பச்சைப் புல்.

"என்ன இது?"

"உங்களுக்குத் தெரியாதா சார்? தோப்புலருந்து வந்த மறுநாளே ஆரம்பிச்சிட்டாப்ல. வாய்க்கால் கரையில போயி மண்ணோட சதுரம் சதுரமா அறுத்துட்டு வருவாரு. லேத்துக்கு ஊத்துற கூலன்ட் டப்பாவக் கழுவி அதுல தண்ணி ஊத்துவாரு. சாயங்காலம் மட்டைய எடுத்துட்டு இங்கதான். சும்மா டப்பு டப்புன்னு. நான்கூட, ஏன் மாப்ள, லேத்த வித்துட்டு நாத்து நடப் போறியான்னு கேட்டேன்."

புல்லில் வெட்டுத் தழும்புகள் தெரிந்தன. சுவரோரத்தில் ஆழமாக, மண் தெரிய. வாசலை நோக்கி வர வர ஆழம் குறைந்து, கடைசியில் புல் நுனி மட்டும் படுத்துக் கிடந்தது. மட்டையின் புடைப்பு வழுக்கிப் போன தடம். ஞானதாசுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"போன வாரம் ஒரு நாள் குதிக்கிறாப்ல" என்றார் தப்ரேஸ். "பிடிபட்டுருச்சு பாய்ன்னாரு. கைய முன்னால தள்ளக் கூடாதாம், அதுவா வழுக்கிட்டுப் போகணுமாம். எனக்கு என்ன எழவு புரியுது. புல்லு மொத்தமும் பதிச்ச உடனே மொத வேலையா சார்கிட்டச் சொல்லணும்னாரு."

"என்கிட்டயா?"

"ஆமா சார். சாரு அன்னைக்கு ஏதோ குருட்டாம்போக்குல அடிச்சிட்டாரு, அவருக்கு இது தெரியாது, தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லியிருப்பாருல்லன்னாரு. பாவம், அடுத்த தடவை அவருக்கும் பூமிக்குள்ள போயிரும்னாரு. நீங்களும் நின்னு அடிக்கணும்னுதான் இம்புட்டு அகலம். அவருக்கு மட்டும்னா பாதி போதுமே."

ஞானதாஸ் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நோட்டும் கெபியும் ஐந்து வாரமும் வேண்டியிருந்தது. இவனுக்கு மூன்று வாரம், அதுவும் யாரும் சொல்லாமல். இதுதான் அப்போதும் முதலில் வந்தது. அது வந்ததே என்று அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். தப்ரேஸ் பெஞ்சை இறக்கி வைத்துவிட்டு அருகில் வந்தார்.

"அழுதுருங்க சார். யாரும் இல்ல இங்க."

பிறகு இருவரும் பெஞ்சைத் தூக்கினார்கள். கதவோரத்தில் ஈரச் சாக்கின் மேல் பதினான்கு சதுரம் புல் அடுக்கியிருந்தது. கட்டத்தின் மறுபாதி இன்னும் வெறும் செம்மண்ணாகவே கிடந்தது.